மேலுதட்டு ஞானம்

மனித அறிவு முழுவதும் மூளையில் குடியிருக்கிறது என்பது உலகம் ஒப்புக்கொண்ட பேருண்மை. லேப்டாப் பழுதுபார்க்கும் விஞ்ஞானிக்கு மட்டும் அது மேலுதட்டில் குடியிருந்தது.

விஞ்ஞானி என்பது தெரு வைத்த பெயர். வைக்கும்படி அவரும் நடந்துகொண்டார். வெள்ளைக் கோட்டு மாட்டாமல் ஒரு ஸ்க்ரூ கழற்ற மாட்டார். கடைச் சுவரில் 'இங்கே கருவிகள் மட்டுமே பேசும்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கருவிகளில் தலையாயது, கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருந்த வெப்பக் கேமரா. லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் எந்த இடம் சூடாகிறது என்று படம் பிடித்துக் காட்டும். அதாவது, ஒரு காலத்தில் காட்டியது. மாடிப்படியில் உருண்ட நாளோடு அதற்குப் பார்வை போயிற்று.

அன்றிலிருந்து, ஏதோ ஒரு பாகம் கெட்டு ஷார்ட் ஆன போர்டு வந்தால் கதவைச் சாத்துவார். போர்டுக்கு லேசாகக் கரண்ட் கொடுத்து, அதன்மேல் மேலுதட்டை இடம் இடமாக ஒற்றி எடுப்பார். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. விரலால் தொடலாமே என்றால், இருபது வருஷம் சால்டரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. தீயே வைத்தாலும் யோசித்துத்தான் சொல்லும்.

அன்று காலை வந்தவர் மனைவியின் அண்ணன், லேப்டாப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையத்தின் முதல்வர். அவர் எழுதிய பாடப்புத்தகத்தின் முதல் விதி, 'போர்டை உடம்பால் தொடாதே.' அந்த நிலையத்தில் ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருந்தது. விஞ்ஞானி ஆறு மாதமாக அதைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, என் லேப்டாப் செத்துப்போச்சு. நீங்க கண்டுபிடிக்கறதை நான் உட்கார்ந்து பார்க்கறேன். முறைப்படி செஞ்சீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்" என்றார். பேசும்போது அவர் மேலுதட்டில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிந்தது.

"உதட்டுல என்ன மச்சான்?"

"டீ சூடா இருந்துச்சு. நீங்க போர்டைப் பாருங்க."

மல்டிமீட்டரின் முனைகளை வைத்ததும் அது 'பீப்' என்று ஒப்பாரி வைத்தது. மெயின் லைனில் ஷார்ட். அந்த லைனில் மணலை அள்ளி இறைத்தாற்போல் முப்பது கெப்பாசிட்டர்கள். இருபத்தொன்பது அப்பாவி, ஒன்று களவாணி. விஞ்ஞானி பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் கொடுத்தார்.

"கேமராவை எடுக்கலையா?"

"எடுக்கறேன் மச்சான். அது கொஞ்சம் நிதானமான பிறவி."

பெட்டியைத் திறந்து, கேமராவை எடுத்து, லென்ஸைத் துடைத்து, இருண்ட திரையை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்ன சொல்லுது?"

"இன்னும் யோசிக்குது. வாசல்ல மீட்டர் பொட்டியில சிவப்பு விளக்கு எரியுதான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்."

மச்சான் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். விஞ்ஞானி குனிந்தார். அவசரத்தில் கரண்டைக் கொஞ்சம் தாராளமாகத் திருப்பிவிட்டிருந்தார். பதினேழாவது கெப்பாசிட்டரில் உதடு 'சுர்' என்றது. அதே நேரம் உள்கதவு வழியாக மனைவி பிளாஸ்க்கோடு வந்து நின்றாள்.

"என்னங்க, முத்தம் யாருக்கு?"

"ஸ்ஸ். ஆராய்ச்சி."

"நம்ம வீட்டுல இந்த ஆராய்ச்சி நடந்து ரொம்ப நாளாச்சு" என்று பிளாஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு, தம்ளர் எடுக்க உள்ளே போனாள்.

மச்சான் திரும்புவதற்குள் களவாணியைச் சூடான காற்றால் உருக்கிப் பெயர்த்தாகிவிட்டது. மல்டிமீட்டர் வாயை மூடிக்கொண்டது. பட்டனைத் தட்டியதும் லேப்டாப் கண் விழித்தது.

"பொட்டியில சிவப்பு விளக்கே இல்லையே, மாப்பிள்ளை."

"இருக்கக் கூடாது. அதைத்தான் உறுதிப்படுத்திக்கிட்டேன். மிச்சத்தைக் கேமரா சொல்லிடுச்சு."

மச்சான் போர்டைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"உதட்டுல என்ன?"

"டீ சூடு, மச்சான்" என்று விஞ்ஞானி பிளாஸ்க்கைக் காட்டினார்.

மச்சான் பிளாஸ்க்கைப் பார்த்தார். அதன் மூடி திறக்கப்படவே இல்லை. பக்கத்தில் ஒரு தம்ளர்கூட இல்லை.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார். "முதல் வகுப்புல அந்த முதல் விதியை நடத்திடுங்க. நல்லா அழுத்தி நடத்துங்க."

மனைவி இரண்டு தம்ளர்களோடு வந்தாள். ஒன்றில் கணவனுக்கு டீ ஊற்றினாள். அண்ணன் முன்னால் வைத்த தம்ளரில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

"மச்சானுக்கு டீ ஊத்தலையா?"

"அண்ணனுக்கா?" என்றாள் அவள்.

மச்சான் டீயை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.