நட்புறவு நாளில் மூடிய ஆறு

இரண்டு நாடுகளின் நட்பைப் பலப்படுத்துவதற்காக ஆற்றை மூடிவிட்டார்கள். வேறு யாருக்குத் தோன்றும் இப்படியொரு யோசனை! படகுகளையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, லாவோஸ் கரைப் படித்துறையில் காவலர்களை நிறுத்தி, மேலே லாவோஸ் கொடியையும் தாய்லாந்துக் கொடியையும் பறக்கவிட்டு, "ஒரே ஆறு, ஒரே குடும்பம்" என்று பதாகை வேறு. அந்தப் பதாகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் செங்மணி, அக்கரைக்குப் போகவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் லமாய் செத்துக் கிடந்தாள்.

லமாய் அவளுடைய சியாவ். மேகோங் ஆற்றின் இரு கரைகளிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். ஒரே வருஷத்தில் பிறந்த இருவரை உட்காரவைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, இன்று முதல் உன் வீடு அவள் வீடு, அவள் பிள்ளை உன் பிள்ளை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் அது சாகும்வரை நிற்கும். கூடப் பிறந்தவளோடு சண்டைபோட்டுப் பிரிந்துவிடலாம், சியாவோடு முடியாது. அவள் வாய்விட்டு ஒன்று கேட்டால் மறுக்கவும் முடியாது. செங்மணிக்கும் லமாய்க்கும் பதினாறு வயதில் கட்டினார்கள். அன்றிலிருந்து இவளுடைய ஊறல் மீனும் ஆற்றுப்பாசியும் படகேறி அக்கரைக்குப் போயின, அவளுடைய சோப்பும் பிளாஸ்டிக் வாளியும் இக்கரைக்கு வந்தன. இதற்குத்தான் இப்போது பொருளாதார ஒத்துழைப்பு என்று பெயர்வைத்து, கோட்டு மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வருகிறார்கள்.

லமாயின் மகன் விச்சித் போன் செய்திருந்தான். நாளை நாலு மணிக்கு அங்கே புத்தர் கோயிலின் எரிமேடையில் எரிக்கிறார்கள். எரிப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தேங்காய்த் தண்ணீரால் முகத்தைக் கழுவிவிடுவார்கள். "மொதக் கை உங்களதுதாம்மா. வந்துடுங்க" என்றான். செங்மணிக்கு அது ஒன்றுதான் வேண்டும். அந்த முகத்தை ஒருமுறை கழுவிவிட்டால் போதும்.

"ஒரு வாத்துகூட ஆத்துல எறங்கக் கூடாதுன்னு உத்தரவு, அக்கா" என்றான் விலாய். விழா ஏற்பாடு முழுக்க அவன் கையில். மாவட்ட அலுவலகத்தில் அவன் சிரிக்காமல் பேசி யாரும் பார்த்ததில்லை.

"என் சியாவ் மூஞ்சியக் கழுவப் போறேன் தம்பி. குண்டு வைக்கவா போறேன்?"

"ஐயோ, அந்த வார்த்தையெல்லாம் இங்க பேசாதீங்க." சுற்றுமுற்றும் பார்த்தான். "நாளைக்கு நீங்க மேடையில இருக்கணும். நாப்பத்தஞ்சு வருஷ சியாவ், அந்தக் கரைக்கு ஒருத்தி, இந்தக் கரைக்கு ஒருத்தின்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு."

"அதுல ஒருத்தி செத்துட்டாளேடா!"

"அதுக்கு வேற ஏற்பாடு பண்ணியாச்சு. அங்கேருந்து ஒரு அம்மா வர்றாங்க, வணிகர் சங்கத் தலைவரோட சம்சாரம். லமாய் அக்காவுக்கு ஜுரம்னு சொல்லிவெச்சிருக்கோம். நீங்களும் சாவப் பத்தி மூச்சு விட்டுடாதீங்க. நூல் கட்டுற எடத்துல அபசகுனம்."

சியாவுக்கு மாற்று ஆள்! பஸ் டிரைவருக்கு லீவு என்றால் இன்னொருத்தனை அனுப்புகிற மாதிரி. செங்மணிக்கு வாயில் நன்றாக வந்தது. ஆனால் படகு அவன் கையில் இருந்தது.

"நூல் கட்டி முடிஞ்சதும் மொதப் படகு உங்களுக்குத்தான்" என்றான் விலாய். "நாலு மணிக்குத்தானே? அதுக்கு முன்னாடியே கொண்டுபோய் விட்டுடறேன். என் பொறுப்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் விடியும்போதே அவளை ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மேடையேறுகிறவர்களின் போன்களை எல்லாம் பாதுகாப்பு என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். யாருடையதோ பட்டுப் பாவாடையைச் சுற்றிவிட்டார்கள். ஒரு பெண் வந்து உதட்டுக்குச் சாயம் பூசினாள். எழவு வீட்டுக்குப் போக வேண்டிய உதட்டுக்குச் சாயம். எப்படி உட்கார வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், மாகாணத் தலைவர் பார்க்கும்போது எவ்வளவு குனிய வேண்டும் என்று காலை முழுக்க ஒத்திகை நடந்தது. அங்கிருந்து ஆறு தெரியாது.

உச்சிவேளை நெருங்கும்போது மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மேடை ஆற்றைப் பார்த்திருந்தது. செங்மணி முதலில் பார்த்தது அக்கரைக் கோயிலைத்தான். கூரைக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது, புகை இல்லை. இன்னும் எரிக்கவில்லை என்று நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

முதலில் இரண்டு மாகாணத் தலைவர்களுக்கும் சியாவ் நூல் கட்டினார்கள். ஒருவருக்கு அறுபது இருக்கும். மற்றவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஒரே வயதுக்காரர்களுக்குத்தானே கட்டுவது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்ததும், "மனதால் இருவரும் ஒரே வயது!" என்று ஒலிபெருக்கி சமாளித்தது. கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். வாழைத்தோட்டம், சிமெண்ட், மின்சாரம் என்று ஒப்பந்தங்களை வாசித்தார்கள். ஊறல் மீன் அதில் இல்லை.

பிறகு செங்மணியின் முறை. எதிரே உட்கார்ந்தவளின் பெயர் பிம்சிரி. விலாய் சொன்ன சங்கத் தலைவர் சம்சாரம், ஐஸ் தொழிற்சாலை முதலாளி, நாற்பது வயதிருக்கும், கழுத்து நிறையத் தங்கம். விருந்தாளிகளின் படகில் வந்திறங்கியவள். விருந்தாளிகள் வர மட்டும் ஆறு திறந்துகொண்டது போலிருக்கிறது. அவள் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கச் செங்மணிக்கு வயிறு எரிந்தது. லமாய்க்கு முன்பல் இரண்டு கிடையாது, சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். இவளுக்கு எல்லாப் பல்லும் இருந்தது.

நூல் கட்டினார்கள். வாழ்த்தினார்கள். பெரிய தலைவர் பேச எழுந்தார். கீழே நின்ற விலாயைச் செங்மணி சாடை காட்டிக் கேட்டாள், படகு? அவன் சிரித்துக்கொண்டே கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினான். சாப்பாடு முடியட்டும் என்று அர்த்தம்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"இந்தாங்க" என்றாள் பிம்சிரியிடம், உதடு அசையாமல். "நூல் கட்டியாச்சு. இனிமே ஒருத்தி கேட்டா இன்னொருத்தி மறுக்கக் கூடாது. தெரியுமா?"

பிம்சிரியின் சிரிப்பு அப்படியே நின்றது. "தெரியும்க்கா. எங்கம்மாவுக்கும் சியாவ் இருந்தாங்க."

"அப்ப உன் படகுல என்ன அக்கரைக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

"தலைவர் பேசிட்டிருக்காரே... என்ன விஷயம்?"

"நீ உக்காந்திருக்கியே, அந்த எடத்துக்கு உரியவ செத்துட்டா. நாலு மணிக்கு எரிக்கிறாங்க. நான் போயி மூஞ்சி கழுவணும்."

"ஜுரம்னுதானே சொன்னாங்க?" பிம்சிரியின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "செத்தவங்க எடத்துலயா என்னக் கொண்டாந்து உக்காரவெச்சானுங்க? பாவிப் பசங்களா!"

தலைவர் "நமது பிணைப்பு" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிம்சிரி எழுந்துவிட்டாள். செங்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். படித்துறைக் காவலர்கள் அவள் கழுத்துத் தங்கத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். விலாய் ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு வாய் சாப்டுட்டுப் போலாமே! எதுக்கு அவசரம்? சொன்னாக் கேளுங்கக்கா!"

அவன் ஏன் அப்படிப் பதறுகிறான் என்று செங்மணிக்கு அப்போது புரியவில்லை.

அக்கரைக் கோயிலில் கூட்டம் இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எரிமேடையின் இரும்புக் கதவு சூடாக இருந்தது. உள்ளே சாம்பல்தான். விச்சித் மொட்டைத் தலையோடு படியில் உட்கார்ந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"என்னடா இது? நாலு மணின்னியே! நாலு மணின்னுதானேடா சொன்ன!"

"காலையில எங்க கரை அலுவலகத்துலேருந்து வந்தாங்கம்மா. விருந்தாளிங்க வர்ற நேரத்துல புகை தெரியக் கூடாதாம். அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணுமாம். நான் விடல. எங்கம்மாவோட சியாவ் வராம பெட்டியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு நின்னேன்." அவன் குரல் தடுமாறியது. "அப்புறம் உங்க கரையிலேருந்து விலாய்னு ஒருத்தர் பேசினாரு. எனக்காகக் காத்திருக்க வேணாம், முடிச்சிடுங்கன்னு நீங்களே சொல்லிவிட்டதாச் சொன்னாரு. உங்களுக்கு எத்தன தடவ போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. நீங்க சொன்னா அது அம்மா சொன்ன மாதிரிதானே. அதான்..."

அதிகாரிகளின் உத்தரவுக்கு மசியாத பையன், சியாவின் சொல்லுக்கு மசிந்திருக்கிறான். அவன் மசிவான் என்று விலாய்க்குத் தெரிந்திருக்கிறது. அதே மேகோங் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தானே அவனும்.

"நான் சொல்லலடா" என்றாள் செங்மணி.

விச்சித் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான். பிம்சிரி போய் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். செங்மணிக்கு அழுகை வரவில்லை. கோபம் அழுகைக்கு இடமே விடவில்லை. தானும் சேர்ந்துதானே சிரித்தாள், பட்டு கட்டிக்கொண்டு, சாயம் பூசிக்கொண்டு, இங்கே லமாய் எரிந்துகொண்டிருந்த நேரத்தில்!

அவள் கிளம்பும்போது விச்சித் ஒரு இளநீர்க் காயைக் கொண்டுவந்து கொடுத்தான். "உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்துவெச்சேன்மா. வெட்ட மனசு வரல."

திரும்பி வந்தபோது பந்தலில் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஒட்டரிசிச் சோறு, கொத்துக்கறி, பீர். இரண்டு தலைவர்களும் நூல் கட்டிய கைகளால் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட, போட்டோக்காரர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விலாய் ஓடிவந்தான். எதுவும் நடக்காத மாதிரியே சிரித்தான்.

"வந்துட்டீங்களாக்கா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

செங்மணி பக்கத்தில் நின்ற பிம்சிரியிடம் திரும்பினாள். "கத்தி குடு."

எதற்கு என்று பிம்சிரி கேட்கவில்லை. இளநீர் வெட்டுகிற மேசையில் கிடந்த பெரிய கத்தியை எடுத்துக் கொடுத்தாள். விலாயின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. ஒரு காவலன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தான். செங்மணி காயை மேசைமேல் வைத்து, தினமும் மீன் வெட்டுகிற கையால் ஓங்கி இரண்டு போடு போட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். விலாயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, அவன் நெற்றியிலிருந்து முகம் முழுக்கத் தேங்காய்த் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் தன் உள்ளங்கையால் நெற்றி, கண், கன்னம், வாய் என்று நிதானமாகக் கழுவிவிட்டாள்.

யாருக்குச் செய்வது அது என்று இரண்டு கரைக்காரர்களுக்கும் தெரியும்.

"எரியுறதுக்கு முன்னாடி என் சியாவுக்கு இத செய்ய நீ விடல" என்றாள். "எடுத்துவெச்ச தண்ணி வீணாப் போகக் கூடாது. நீ வாங்கிக்க."

காவலன் அவளைத் தொடவில்லை. பெரிய தலைவர் ஊட்ட எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். விலாய் சொட்டச் சொட்ட நின்று, துடைத்துக்கொள்ளத் துணி கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கையை நீட்டினான். எல்லோரும் ஒரு அடி விலகினார்கள். கடைசிவரை அவனுக்கு யாரும் ஒரு துண்டு கொடுக்கவில்லை.