காண்ட்ராக்ட் ஆள்

வக்கீல் நோட்டீஸ் சனிக்கிழமை காலை பதிவுத் தபாலில் வந்தது. தியோடர் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமலே அடுப்பருகே நின்ற மனைவியிடம் நீட்டினான். ஆங்கிலத்தில் வரும் எந்தக் காகிதத்தையும் முதலில் படிப்பவள் ரஞ்சிதம்தான். மேயோ ஹால் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துப் பத்திரங்கள் அடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"ஆதிகேசவன் சார் அனுப்பியிருக்காரு. நீங்க மெட்ராஸ் போய் பாக்ஸிங் சண்டை போடக் கூடாதாம். போட்டா கேஸாம்."

"ஏன் கூடாது?"

"காண்ட்ராக்ட் இருக்காம்."

"அதான் காண்ட்ராக்ட்தானே?" என்றான் தியோடர். "பெர்மனன்ட் இல்லியே."

ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தியோடர் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அங்கே அவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆள் உண்டு, காண்ட்ராக்ட் ஆள் உண்டு. பெர்மனன்ட் ஆளுக்கு வீடும் ஆஸ்பத்திரியும் இருக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கு மேஸ்திரி மட்டும்தான். அவனுடைய அப்பா பதினெட்டு வருஷம் காண்ட்ராக்ட் ஆளாகவே பூமிக்குள் இறங்கி ஏறினார். ஒரு சாயங்காலம் மேஸ்திரி, "நாளைக்கு வர வேணாம்" என்றார். அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவரிடமும் யாரும் காரணம் சொல்லவில்லை.

அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாக்ஸிங் சண்டைகள் ஏற்பாடு செய்யும் ஆதிகேசவன், "காண்ட்ராக்ட் போட்டுக்கலாம் தம்பி" என்றபோது தியோடருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நம்மைப் பெர்மனன்டாக எடுத்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்தான். காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரஞ்சிதம் இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

இப்போது அவள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து, கட்டில் மேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷம். அவர் ஏற்பாடு பண்ற ரிங்ல மட்டும்தான் நீங்க ஏறலாம். வேற எங்க ஏறணும்னாலும் அவரோட என்.ஓ.சி. வேணும், ஆட்சேபணை இல்லைன்னு அவர் எழுதித் தரணும். இது உங்க அப்பா பார்த்த காண்ட்ராக்ட் இல்லீங்க. இது கயிறு."

"அவரு மட்டும் பதினாலு மாசமா ஒரு சண்டையும் வைக்கலியே."

"அதுக்கும் எழுதியிருக்கு. ஆறாவது ஷரத்து. வருஷத்துக்கு ரெண்டு சண்டையாவது அவர் ஏற்பாடு பண்ணணும். தப்பு அவர் பேர்லதான்." விரலை இன்னும் கீழே இறக்கினாள். அது ஓரிடத்தில் நின்றது. "ஏங்க, ஒன்பதாவது ஷரத்து தெரியுமா? கைக்கு ஆபத்தான எந்த வேலையும் நீங்க செய்யக் கூடாது. செஞ்சா தப்பு உங்க பேர்ல."

தியோடர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இடது உள்ளங்கையில் பிளையர் பிடித்துக் காய்த்த தடம் இருந்தது.

மெட்ராஸ் சண்டை எட்டு ரவுண்டு. ஜெயித்தால் தென்னிந்திய சாம்பியன் பெல்ட் கிடைக்கும். தியோடருக்கு வயது இருபத்தொன்பது. அச்சகத்தில் காகிதம் வெட்டிவிட்டு, மாலையில் சர்ச் ஹாலில் மணல் மூட்டையைக் குத்திக் குத்தி இந்த வயது வந்துவிட்டது. அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆதிகேசவன் கையெழுத்திட்ட என்.ஓ.சி. புதன்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மெட்ராஸ்காரர்கள் போனில் சொல்லியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் ரஞ்சிதம் தன்னிடம் வழக்கமாகப் பத்திரம் அடிக்கக் கொடுக்கும் வக்கீல் சீனிவாசராகவனிடம் காகிதத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார்.

"கேஸ் நம்ம பக்கம்தாம்மா. ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள உன் ஆத்துக்காரருக்குத் தலை நரைச்சிடும். நேரே போய்ப் பேசச் சொல்லு. ஆறைப் பத்தி நன்னா சத்தமா பேசட்டும். ஒன்பதைப் பத்தி மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் தியோடர் முழங்காலிட்டபோது பெல்ட்டைக் கேட்கவில்லை. ஆதிகேசவன் முன்னால் உட்காரும்போது தன் வாயிலிருந்து பொய்யும் வசவும் வராமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். அந்த மனிதர்தான் அவனுக்கு முதன்முதலாக நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அதை மறந்துவிட்டுப் போய்ச் சண்டை போட அவனுக்கு மனம் வரவில்லை. ஜெபம் முடிந்ததும் மனம் லேசாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியிலேயே, "நிச்சயம் கையெழுத்து போடுவாரு, நீ இப்பவே டைப் அடிச்சு வெச்சிடு" என்றான். ரஞ்சிதம் அடித்து வைத்தாள். மொத்தம் நாலு வரி.

ஆதிகேசவன் ஆஸ்டின் டவுனுக்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் கேபிள் டி.வி. கொடுப்பவர். மளிகைக் கடைக்கு மேலே அவருடைய அறை. ஆறு டி.வி.க்கள் ஆறு சேனல்களைச் சத்தமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தன. சுவரில் தியோடரின் பழைய போஸ்டர் இருந்தது. அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'ஆதிகேசவன் வழங்கும்' என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை கணவனும் மனைவியும் உள்ளே வந்ததும் அவர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. தம்பி, நோட்டீஸ் வந்துதா? கோச்சுக்காதே. சர்ச் ஹால்ல மூட்டையைக் குத்திக்கினு இருந்த உன்னைப் பார்த்து, இவன் ஒரு ஆளுன்னு மொதல்ல சொன்னது யாரு? நானு. மெட்ராஸ்காரன் போஸ்டர் அடிச்சு ஒட்டுவான், நான் இங்க உக்காந்து எச்சியை முழுங்கணுமா?"

"பதினாலு மாசம் ஆச்சு சார்."

"ஹால் எல்லாம் கல்யாணத்துக்கே கொடுத்துடறான். அடுத்த மாசம் பார்க்கலாம்."

"இதையே போன தீபாவளிக்கும் சொன்னீங்க சார்," என்றாள் ரஞ்சிதம். "ஆறாவது ஷரத்துல என்ன எழுதியிருக்குன்னா..."

போன் மணி அடித்தது. ஆதிகேசவன் எடுத்தார். எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் அறை முழுவதற்கும் கேட்டது. "நான் அன்னம்மா பேசறேன். மூணாவது கிராஸ் தெரு. காலையிலேர்ந்து படம் வரலே. புள்ளிதான் வருது. புள்ளியைப் பார்க்கவா மாசாமாசம் காசு வாங்க ஆளு அனுப்பறீங்க?"

"இதோம்மா, இப்ப வந்துடும்." போனை வைத்துவிட்டு எரிச்சலோடு வாசலைப் பார்த்தார். "ஒயர் பார்க்கற இந்த ஆண்டனி எங்க போய்த் தொலைஞ்சான்? ரெண்டு மாசமா ஆளு கண்ணுலயே படறதில்லே. வேலை மட்டும் நடக்குது, இன்னிக்கு அதுவும் இல்லே. நாளைக்கு வேற ஆளைப் போட்டா ஆய்த்து. காண்ட்ராக்ட் ஆளுதானே."

தியோடர் நிமிர்ந்து உட்கார்ந்தான். தங்கவயலை விட்டு வந்த பிறகு, அப்பாவின் மேஸ்திரி பேசிய அதே வார்த்தையை அதே குரலில் அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

"சார், ஒரு சந்தேகம். ஆண்டனி அண்ணன் காண்ட்ராக்ட்னா நாளைக்கு வர வேணாம். நான் காண்ட்ராக்ட்னா நாலு வருஷம் போகக் கூடாது. ஒரே வார்த்தைதானே சார்?"

"அது வேற, இது வேற."

"இவளும் அப்படித்தான் சொல்றா. ஆனா ரெண்டுலயும் வெளிய போற கதவு உங்க கையிலயே இருக்கு."

ஆதிகேசவன் பேனாவை மேசையில் தட்டினார். தியோடர் மனைவியைப் பார்த்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பது ரஞ்சிதத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையை லேசாக அசைத்து, வேண்டாம் என்றாள். அவன் மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லிவிட்டான்.

"ஆண்டனி அண்ணனுக்குக் கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது சார். மழையில உங்க கம்பத்துலேர்ந்துதான் விழுந்தாரு. உங்க கிட்ட சொன்னா வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு பயம். வீட்ல மூணு பிள்ளைங்க. அதனால நான்தான் ஏர்றேன். அவரு கீழ நின்னு இந்த ஒயர், அந்த ஒயர்னு சொல்லுவாரு. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அப்புறம். இன்னிக்கு நான் இங்க உக்காந்திருக்கேன். அதான் அன்னம்மா வீட்ல படம் வரல."

ஆதிகேசவன் எழுந்துவிட்டார்.

"நீயா? கம்பத்துல நீ ஏறினியா? கரன்ட் கம்பிக்குப் பக்கத்துல? கை போயிருந்தா என்னடா பண்ணுவே?"

"ஒன்பதாவது ஷரத்து சார். எனக்குத் தெரியும். தப்பு என் பேர்லதான். நீங்க கேஸ் போட்டா ஜெயிப்பீங்க. ஆனா ஆண்டனி அண்ணனை மட்டும் நிறுத்திடாதீங்க."

ரஞ்சிதம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலு வரி அதற்குள் இருந்தது. மெட்ராஸ் அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நினைத்து அவளுக்கு வெட்கமாக இல்லை.

ஆதிகேசவன் மேசையைச் சுற்றி வந்து தியோடரின் முன்னால் நின்றார். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டைக்கு முன்னால் துணிக்கட்டுப் போடும்போது பார்ப்பாரே, அதே மாதிரி.

"பிளையரை எந்தக் கையில பிடிச்சே?"

"இடது கையில சார். வலது கை உங்களுக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே."

கோபமாக ஏதோ சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. சிரித்து முடித்ததும் தன் நாற்காலிக்குத் திரும்பிச் சாய்ந்து, ஆறு டி.வி.க்களையும் பார்த்தார். இரண்டு மாதமாக மூன்றாவது கிராஸிலிருந்து ஒரு புகாரும் வராதது அவருக்கு இப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தான் கட்டிப்போட்டு வைத்திருந்த மனிதன், தான் கேட்காமலே தன் கம்பங்களில் ஏறித் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். யாரும் பார்க்காமல் செய்த உதவி என்றைக்காவது ஒருநாள் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. அது வரும்போது வக்கீல் தேவைப்படுவதில்லை.

"காகிதம் கொண்டு வந்திருக்கியாம்மா?"

ரஞ்சிதம் கொடுத்தாள். அவர் நாலு வரியையும் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஒரு வரி சேர்க்கணும். ரிங்ல இவன் கார்னர்ல நான் நிப்பேன்."

"அது நான் கேட்கணும்னு இருந்தேன் சார்," என்றான் தியோடர். "ரவுண்டு நடுவுல உங்க திட்டு இல்லாம எனக்குச் சண்டை வராது."

ரஞ்சிதம் பேனாவால் அந்த வரியை எழுதினாள். ஆதிகேசவன் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் மறுபடியும் கையை நீட்டினார்.

"ஆண்டனிக்கும் ஒண்ணு அடிச்சுக் கொண்டா."

"என்னன்னு அடிக்கணும் சார்?"

அவர் யோசித்தார். "இவனுக்குப் போட்டேனே, அந்த மாதிரி. நாளைக்கு வர வேணாம்னு நான் சொல்ல முடியாத காண்ட்ராக்ட். கை சரியாகற வரைக்கும் கீழ நின்னு வேலை சொல்லட்டும். ஏற வேற ஆளை வெச்சுக்கலாம். ஆறு, ஒன்பது எல்லாம் நீயே பார்த்துப் போடும்மா, உனக்குத்தான் தெரியுது."

போன் மறுபடியும் அடித்தது. யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது கிராஸில் ஆண்டனி கையில் கட்டோடு கம்பத்தடியில் காத்துக்கொண்டிருந்தார். முதலாளி வருவதைப் பார்த்ததும் கட்டைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார். அது பெரிய கட்டு, மறையவில்லை.

"விடு ஆண்டனி, எல்லாம் தெரியும். ஒயர் எதுன்னு மட்டும் சொல்லு," என்றார் ஆதிகேசவன். தியோடர் வழக்கம்போல ஏணியில் கால் வைத்தான். அவர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "நீ ஏறினே, உன் காலை ஒடிச்சிடுவேன். புதன்கிழமை அந்தக் காகிதம் மெட்ராஸ்ல இருக்கணும், நீ முழுசா இருக்கணும். ஏணியைப் பிடி."

பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரே ஏறினார். எட்டு வருஷத்துக்கு முன்பு இந்தத் தொழிலை ஆரம்பித்த புதிதில் ஏறியது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.

"சார், இடது பக்கம் கறுப்பு ஒயரு," என்று ஆண்டனி கீழிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இதுவா?"

"அது பக்கத்து வீட்டு துணிக் கொடி சார்."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆதிகேசவனும் மேலிருந்து சிரித்தார். பிளையரால் முறுக்கினார். எதிர் வீட்டு ஜன்னலில் அன்னம்மாளின் தலை தெரிந்தது.

"வந்துடுச்சு. இன்னிக்கு யாரு புது ஆளு? பாக்ஸிங் தம்பிதானே எப்பவும் வரும், அதுக்கு இவ்வளவு நேரம் ஆகாது."

ஆதிகேசவன் ஏணியிலேயே நின்று கீழே பார்த்தார். ஏணியின் இரண்டு கால்களையும் தியோடர் அசையாமல் பிடித்திருந்தான்.

"தம்பி, மெட்ராஸ்ல மொத ரவுண்டு எந்தக் கையில ஆரம்பிக்கப் போறே?"

"இடது கைதான் சார்," என்றான் தியோடர். "ரெண்டு மாசமா அதுக்கு நல்ல பிராக்டிஸ்."