பைரைட்டாரின் பாதிக் கல்

நிலவியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பைரைட்டார். இளம் வயதில் ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தில் தேங்காய் அளவு பைரைட் உருண்டை ஒன்றைக் கண்டெடுத்தவர் அவர். அதைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியால் முனைவரானார், மறுபாதியால் தலைவரானார் என்று பேச்சு. பைரைட் வெறும் இரும்பும் கந்தகமும்தான். ஆனால் தங்கம்போல் மின்னும். அவருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஒரு பாதி துறை அருங்காட்சியகத்தின் பதினான்காம் இழுப்பறையில் இருந்தது. மறுபாதி அவர் அறையில், கண்ணாடிப் பேழைக்குள். திங்கட்கிழமைதோறும் அதை இருந்த இடத்திலேயே வைத்து அவரே ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவார். பேழையின் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது.

ஒருநாள் காலை ஆய்வக உதவியாளர் பதினான்காம் இழுப்பறையை இழுத்தாள். தீக்குச்சி அணைத்த வாடை வந்தது. கல் இருந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி, நடுவே நாலைந்து துண்டுகள். அடியில் இருந்த அட்டை பொத்தலாகிக் கிடந்தது. நீல லிட்மஸ் தாளை நனைத்து வைத்தாள். சிவந்தது.

அவள் பேசுகிறவள் அல்ல, எழுதுகிறவள். அந்த வருடம் இரண்டு கடிதம் எழுதியிருந்தாள். அறையில் ஈரப்பதம் அதிகம், ஈரக்காற்று பட்டால் இந்த வகைப் பைரைட் கந்தக அமிலம் விடும், காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும் என்று. இரண்டின் ஓரத்திலும் பைரைட்டாரின் பச்சை மையில் ஒரே பதில் வந்திருந்தது: ‘கல் கெட்டுப்போகாது.’

இப்போது கெட்டுப்போயிருந்தது. அப்படியானால் யாரோ கெடுத்திருக்க வேண்டும்.

“லிட்மஸ் செவந்துச்சுன்னு நீயே சொல்ற. அப்ப ஆசிட்டக் கொட்டுனது யாரு?” என்றார் பைரைட்டார்.

“கல்லே விட்டது சார்.”

“கல்லு ஆசிட் விடுமா? நாளைக்கு நாற்காலி பால் கறக்குதும்ப.”

அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டார்: ‘கவனக்குறைவால் அரிய மாதிரியை அழித்தவர்.’ அந்த வரியோடு வெளியே போனால் எந்த ஆய்வகமும் அவளைச் சோதனைக்குழாய் கழுவக்கூட விடாது.

வெள்ளிக்கிழமை விசாரணை. கல்லூரி முதல்வரும் வேதியியல் பேராசிரியை ஒருவரும் பைரைட்டாரின் அறைக்கே வந்தார்கள். ஆவணக் கட்டுகளோடு அட்டெண்டர் வாசலில் நின்றார்.

“வாயத் தொறந்து பேசிரு தங்கச்சி,” என்று உள்ளே போகும்போது அவளிடம் முணுமுணுத்தார். “இல்லன்னா அந்தக் கல்லு மாதிரி உன்னையும் பொடியாக்கிருவாரு.”

பைரைட்டார் அரைமணி நேரம் பேசினார். முதல்வர் அவளைப் பார்த்தார். “நீ ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவள் கட்டைவிரலால் சுட்டுவிரலை நசுக்கியபடி சொன்னாள்: “சார்... மத்த பாதிய எடுத்துப் பாக்கலாமா? ரெண்டும் ஒரே கல்லுதான். அதத் தொட்டது தலைவர் சார் மட்டுந்தான்.”

பைரைட்டாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “தாராளமா பாருங்க. இருபது வருஷமா என்னத் தவிர ஒருத்தர் கை பட்டதில்ல. வாராவாரம் ஈரத்துணியால நானே தொடைக்கிறேன். இதுக்குப் பேரு பராமரிப்பு.”

பேராசிரியை அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஈரத்துணியா?”

“ஆமா மேடம். சுத்தமான தண்ணி.”

இடுப்புச் சாவியால் பேழையைத் திறந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினார். மேல்பாகம் கையோடு வந்தது. கீழ்ப்பாகம் வெல்வெட்டிலேயே தங்கிவிட்டது. பொடி அவர் சட்டையில் கொட்டியது. கல்லுக்கு அடியில் இருந்த பெயரட்டையில் ‘கண்டெடுத்தவர்’ என்பதுவரை நன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஓட்டை.

பேராசிரியை லிட்மஸ் தாளை வைத்தார். அதுவும் சிவந்தது.

“இவ உள்ள வந்திருப்பா,” என்றார் பைரைட்டார்.

“சாவி உங்க இடுப்புல இருக்கே சார்,” என்றார் அட்டெண்டர், மிகுந்த மரியாதையோடு.

அன்று மாலை முதல்வர் பைரைட்டார் கையெழுத்திட்ட தாளைக் கிழித்தார். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

மூன்று மாதத்தில் ‘பைரைட் சிதைவு: என் அவதானிப்புகள்’ என்ற கட்டுரை பைரைட்டார் பெயரில் வெளிவந்தது. அளவீடுகள் எல்லாம் அவளுடையவை. நன்றியுரையில் ‘ஆய்வக ஊழியர்களுக்கும்’ என்று இரண்டே சொல்.

பதினான்காம் இழுப்பறைத் துண்டுகளை அவள் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் அடைத்தாள். பேழையில் மிஞ்சியதற்கும் ஒரு பெட்டி கொண்டுபோனாள்.

“பெட்டிக்குள்ள போட்டா மினுக்கம் எப்படித் தெரியும்?” என்றார் அவர், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. “நீ புது அட்டை மட்டும் எழுதிக் குடு. பேரு பெருசா இருக்கட்டும்.”

மூன்றாவது கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அட்டையை எழுதினாள். “எங்க வைக்கட்டும் சார்?”

“கல்லுக்கு அடியிலதான்.”

வைத்தாள். அவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அட்டை பொத்தலாக நான்கு போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.