பாலத்தில் நின்ற மூச்சு

அண்ணன் மிங்-தாவ் இனித் தேறமாட்டார் என்று டாக்டர் கைவிரித்ததும் அண்ணி யூ-லான் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடினாள். கூடத்தைக் கூட்டி, சாமி மாடத்தைச் சிவப்புக் காகிதத்தால் மறைத்து, அவரைக் கிடத்த நடுவில் பலகை போட வேண்டும். எங்கள் பக்கத்தில் உயிர் சொந்த வீட்டுக் கூடத்தில்தான் பிரிய வேண்டும். வெளியே பிரிந்தால் அது வீட்டுக்குள் நுழைய முடியாது. பிரிந்த இடத்திலேயே நிற்கும். அண்ணனுக்கு அந்த பயம் ஒன்றுதான் இருந்தது. "வழியில விட்டுடாதடா. எனக்கு வழி கேட்டுப் பழக்கமில்ல" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அண்ணி சாமிக்கு ஆரஞ்சு வைத்தால் அதைத் தின்றுவிட்டு, சாமி அனுப்பிச்சாரு என்று அவளைச் சீண்டுகிறவன் நான். ஆனாலும் ஆம்புலன்ஸில் நான்தான் ஏறினேன். அண்ணன் வாயிலிருந்த குழாயின் முனையில் ஒரு ரப்பர் பை. அழுத்தினால் மூச்சு, விட்டால் இல்லை. கூட வந்த நர்ஸ் கை ஓய்ந்துபோய் அதை என்னிடம் கொடுத்தாள்.

ஜுவோஷுய் ஆற்றுப் பாலம் வந்தது. பாலம் வந்தால் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிர் வழி தவறிவிடும் என்று அண்ணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அண்ணே, பாலம் வருது. கூடவே வாங்க" என்றேன். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. நர்ஸ் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். என் கையை எடுத்துத் திரும்பவும் பையின் மேல் வைத்தாள். மீதி வழியெல்லாம் நான் பிணத்துக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தினோம். நர்ஸ் குழாயை எடுக்கக் குனிந்தாள். அண்ணி அவளை விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று பையை என்னிடமிருந்து வாங்கித் தானே அழுத்தத் தொடங்கினாள். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அண்ணி கை மாற்றி மாற்றி அழுத்தினாள். அவள் விடுகிற மாதிரி இல்லை. உண்மையைச் சொன்னால் அண்ணன் காலத்துக்கும் பாலத்தில் நிற்பார் என்று நினைத்தே இவள் செத்துப்போவாள். சொல்லாவிட்டால் இப்படியே அழுத்திக்கொண்டிருப்பாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"எந்த இடத்துல தம்பி?"

"பாலத்துல."

"இறக்கும்போதே கால் சில்லுன்னு இருந்துச்சு." கை நிற்கவில்லை. "போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இதை விடமாட்டேன்."

அண்ணனுடைய சட்டையையும் ஊதுபத்தியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். பாலத்தின் ஓரத்தில் நின்று சட்டையை விரித்துப் பிடித்து, வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கீழே தண்ணீர் கூட இல்லை, வெறும் மணல். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். நம்பாதவன் நான், ஆனால் அங்கே பிச்சைக்காரனைப் போல நின்றேன். தோளில் ஒரு கனம், சட்டையில் ஒரு அசைவு, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது. எதுவும் இல்லை. அண்ணன் அங்கே நிற்கவில்லை. எங்கேயுமே நிற்கவில்லை. பாலத்தில் தொலைந்து நின்றிருந்தால்கூடத் தேவலை என்று அப்போது தோன்றியது.

திரும்பி வந்தபோது அண்ணி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு அண்ணி."

அவள் பையை விட்டாள். எழுந்து முந்தைய நாளிலிருந்து வாராத தலையை ஒதுக்கிக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"உள்ள வாங்க. ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

நானும் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.