விடுதலை என்னும் சொல்

மலாயா ஆங்கிலேயரிடமிருந்து தன்னாட்சி பெறவிருந்த மெர்டேக்கா நாளுக்கு முந்திய வாரம், காஜா பெராங் தெருமுனை அலங்கார வளைவில் தொங்கவிடும் துணிக்கு ஒரு வாசகம் தேவைப்பட்டது. கடைக்கார அப்பாசாமி 'விடுதலை வாழ்க' என்று எழுதிக் காட்டினார். ஆசிரியர்களான பொன்னுதுரையும் சந்திரமதியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று தலையசைத்தனர்.

இருவரும் அதிகம் பேசாதவர்கள். பயிற்சிக் காலத்து மனோதத்துவ வகுப்பில் இருவருக்கும் 'உள்முகத்தார்' என்றே பெயர் கிடைத்திருந்தது. பொன்னுதுரை உள்முகச் சிந்தனையாளர், சந்திரமதி உள்முக உணர்வினர். ஈற்றுச் சொல் மட்டுமே வேறு என்று அவர் எண்ணியிருந்தார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? பெயிண்டர் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் அப்பாசாமி.

"விடுதலைன்னா அடைபட்டவன் வெளிய வர்றது. ஆட்சி நம்ம கைக்கு வர்றது அதுல இல்ல. சுதந்திரம்னு போடுங்க" என்றார் பொன்னுதுரை.

சந்திரமதி மெல்லச் சொன்னார்: "அவசரகாலச் சட்டத்துல பிடிச்ச என் தம்பி இன்னும் உள்ளதான் இருக்கான். அந்தச் சொல்லுக்கு அடியில என்னால நடக்க முடியாது."

"ரெண்டு பேருக்கும் முடிவு ஒண்ணுதானே, டீச்சர்" என்றார் பொன்னுதுரை.

"இல்ல சார். அவன் வந்துட்டா அதே சொல்லை நானே தச்சு மாட்டுவேன்."

பொன்னுதுரைக்கு எரிச்சல் வந்தது. ஒருவன் சிறையில் இருப்பதால் ஒரு சொல்லின் பொருள் மாறிவிடுமா? ஆயினும் தேற்ற விரும்பி, தமக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சரியானதைச் சொன்னார்.

"பார்க்கப் போனா, அந்தச் சொல் உங்க தம்பிக்குத்தான் கச்சிதமாப் பொருந்தும்."

சந்திரமதி துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

"என்ன சார், இப்படிச் சொல்லிட்டீங்க" என்றார் அப்பாசாமி.

பொன்னுதுரை அவ்வாக்கியத்தை மனத்துள் மறுபடி சொல்லிப் பார்த்தார். பிழை எதுவும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு மேலும் எரிச்சலூட்டியது.