கறையானுக்கு மூன்று கோட்டிங்

எங்கள் வீட்டில் வெளியாள் கை படவே இல்லை என்று எட்டு வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தோம். என் அண்ணன் கொத்தனார்; சுவரும் தரையும் அவருடையவை. மனைவியின் தம்பி தச்சன். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் அவன் கைவேலை. நான் பெயிண்டர். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என்னுடையது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் பாராட்டுவார்கள். மற்ற இருவருக்கும் அது வயிற்றெரிச்சல். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு கிடையாது.

மூன்று பேரும் நிபுணர்கள். அண்ணனுக்குப் பட்டப்பெயர் ரசமட்டம். அந்தக் கருவியைப் பையில் போடாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து, நடுவில் ஓடும் குமிழைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மச்சினன் ஒரு பலகையை முகர்ந்து பார்த்தே மரத்தின் வயதைச் சொல்லிவிடுவான். அவன் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான். நான் பதினான்கு வகை வெள்ளையைப் பிரித்துச் சொல்வேன். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. அண்ணனுக்கு முதுகு வளைந்துவிட்டது. மச்சினனுக்கு ரம்பம் இழுத்து இழுத்துக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நானோ இருபத்தைந்து வருடம் அண்ணாந்து நின்று ரோலர் உருட்டியவன், ஆனாலும் உடம்பு கோணவில்லை. சட்டை போட்டுக் கண்ணாடி முன் நின்றால் இரண்டு தோளும் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் இருக்கும். "வேணும்னா உங்க ரசமட்டத்தை வச்சுப் பாருங்கண்ணே" என்று அவரை வம்புக்கு இழுப்பேன்.

என் மனைவி நிபுணர் இல்லை. தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறாள். கடையில் தொங்கும் துணி எதுவும் பொருந்தாத ஆட்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். இடது கை மடங்கியபடியே நின்றுவிட்ட பஸ் டிரைவர் ஒருவர். ஒரு கால் குட்டையான கணக்கர் ஒருவர். மார்பில் ஆபரேஷன் நடந்த ஒரு டீச்சர். அந்த டீச்சர் முதல் நாள் அளவெடுக்கக் கையைப் பிரிக்கவே இல்லை, கட்டிக்கொண்டே நின்றார். நாலு தடவை வந்து போன பிறகுதான் ரவிக்கை சரியாக உட்கார்ந்தது. அன்றைக்கு அந்த அளவைப் பழுப்புத் தாளில் வெட்டி வைத்துக்கொண்டு என் மனைவி சொன்னாள்: "இனிமே உங்களை அளவெடுக்க மாட்டேன், டீச்சர். துணியை மட்டும் குடுத்து விடுங்க. இந்தத் தாள் போதும்."

அப்படி நாற்பது ஐம்பது தாள்கள். எல்லாம் முன்னறைச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில்தான் முதல் கொப்புளம் வந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயிண்ட் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. நொடியில் கண்டுபிடித்துவிட்டேன்: ஈரம். அண்ணன் தரையிலிருந்து ஈரம் ஏறாமல் பூசத் தெரியாதவர். சுரண்டி, பட்டி வைத்து, ஒரு கோட்டிங் அடித்தேன். அடித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே மூலையில் தரையிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு மண் கோடு சுவரில் ஏறியிருந்தது. மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். அண்ணன் பூசும்போது ஒழுகவிட்ட சிமெண்ட் என்றேன். வீடு கட்டி எட்டு வருடம் கழித்து ஒழுகிய சிமெண்ட்! அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பட்டித் தகட்டால் வழித்தேன். ஐந்தாம் நாள் அதே கோடு, அதே இடத்தில் திரும்ப நின்றது. நான் வழிக்கக்கூட இல்லை. அதன் மேலேயே பட்டி இழுத்து, உப்புத்தாள் போட்டு, சுவரோடு சுவராக்கி, இரண்டாவது கோட்டிங் அடித்தேன். மனசுக்குத் திருப்தியாக இல்லாததால் மூன்றாவதும் அடித்தேன். கன்னத்தை வைத்துத் தேய்க்கலாம், அப்படி ஒரு வழுவழுப்பு.

பிறகு மழை. அலமாரியின் கீழ்க் கதவு திறக்கவில்லை. மச்சினன் வந்து பார்த்து, "மாமா, பெயிண்டை அப்பி வச்சிருக்கீங்க, எப்படித் தொறக்கும்?" என்றான். பச்சை மரத்தில் கதவு செய்தால் இப்படித்தான் என்று நான் சொன்னேன். அவன் கதவைத் தட்டிப் பார்த்தான். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். "கேட்டீங்களா, எவ்வளவு லேசான மரம்! தேடித் தேடி வாங்கினது" என்றான். மழை விட்டதும் தானாகத் திறக்கும், இப்போது நெம்பினால் என் பெயிண்ட் பிய்ந்துவிடும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனோம். அதற்கே எங்களுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

மனைவி மட்டும் அந்தக் கதவின் முன் வந்து வந்து நின்றாள். டிரைவருக்கு ஒரு சட்டை தைக்க வேண்டியிருந்தது, தாள் உள்ளே. இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லி அவரை அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு மூன்று நிபுணர்களும் முன்னறையில் உட்கார்ந்து ஈரமா, மரமா, பெயிண்டா என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். அவள் பட்டன் போட்டு வைக்கும் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் கவிழ்த்தாள். உள்ளே பட்டன் இல்லை. சிறகுகள். கண்ணாடித் தாளைப் போல, எல்லாம் ஒரே நீளம், ஒரு கை நிறைய இருக்கும்.

ஈசல் சிறகு, மழைக்கு வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்று அண்ணன் சொல்ல, நாங்கள் தலையாட்டினோம்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு" என்றாள் அவள். "மூணு நாளா சாத்தித்தான் இருந்துச்சு. இறகு முழுக்க உள்பக்கக் கட்டையில கெடந்துச்சு. வெளியில ஒண்ணு கூட இல்ல. அப்ப அது எங்கேருந்து வந்துச்சு?"

ஜன்னல் சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். என் ஜன்னல் சாத்தினால் காற்றுக்கூட நுழையாது என்று மச்சினன் எகிறினான். பேச்சு ஜன்னலுக்குப் போய்விட்டது. அவள் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப டப்பாவில் போட்டாள். எங்கள் மூவரையும் பார்த்தாள். கிழிந்த துணியைத் தைக்க முடியுமா முடியாதா என்று பார்ப்பாளே, அதே பார்வை. முடியாது என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். புதன்கிழமை கறையான் மருந்து அடிக்கிறவர் வாசலில் நின்றார்.

எங்கள் வீட்டுக்குள் வெளியாள்! எனக்கு அவமானமாகிவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டேன். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மருந்துக்காரர் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன கிழித்துவிடப் போகிறார் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அலமாரிச் சட்டத்தை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கெட்டியான சத்தம். கீழே வரவர டப்பாச் சத்தம். பிறகு சுவரைக் கையால் தடவினார். என் மூன்று கோட்டிங்கைத் தடவினார்.

"யாரு பெயிண்ட் அடிச்சது?"

பாராட்டுத்தான் வருகிறது என்று நினைத்து முன்னால் வந்தேன். நான்தான் என்றேன்.

"ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க" என்றார். "இவ்வளவு நல்லா அடிக்காம விட்டிருந்தா மழைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லக் கீறினார். பெயிண்ட் தோலாக உரிந்தது. அடியில் அந்த மண் கோடு, ஈரமாக, உயிரோடு. ஒரு துண்டை உடைத்ததும் உள்ளே வெளுத்த பூச்சிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின. அவற்றுக்கு வெயில் ஆகாது, காற்று ஆகாது என்று அவர் விளக்கினார். அதனால்தான் பாடுபட்டு மண்ணில் கூரை வேய்ந்துகொண்டு ஏறுமாம். நான் அந்தக் கூரைக்கு மேல் கழுவினாலும் போகாத பெயிண்டில் இன்னொரு கூரை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். மருந்துக்காரர் அவர் பக்கம் திரும்பி, தரை போடும்போது அடியில் பலகைத் துண்டுகள் ஏதாவது கிடந்தனவா என்று கேட்டார். அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். மிச்சப் பலகைகளை யார் அள்ளிப் போடுவது என்று அப்படியே மண்ணைத் தள்ளி மூடியதை அவரே பல தடவை சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து மச்சினன். அலமாரியின் முதுகுப் பலகைக்கு மருந்து தடவாமல், சுவரோடு ஒட்ட வைத்து அடித்தது அவன். ஆக, கறையான் விருந்துக்கு ஒருவர் அடுப்பு மூட்டினார், ஒருவன் இலை போட்டான், நான் கதவைச் சாத்திக்கொண்டு காவல் நின்றேன்.

என் மனைவிக்கு இந்த விசாரணையில் எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "அந்தக் கதவைத் தொறங்க" என்றாள்.

மச்சினன் உளியை வைத்தான். நெம்பவே தேவைப்படவில்லை. கதவின் வெளித்தோலும் என் பெயிண்டும்தான் பாக்கி. பிஸ்கட் மாதிரி நொறுங்கி அவன் கையோடு வந்தது. கீழ்த்தட்டில் தாள் அடுக்கின் அடிப்பகுதி மண்ணாக இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். டீச்சர் தாள் மேலேயே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஊசி குத்தின மாதிரி நாலு ஓட்டை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை எல்லாம் தரையில்தான் வைத்தாள். கணக்கர் தாள் தப்பியது. டிரைவர் தாளில் உடம்பு இருந்தது, அந்த மடங்கின கையைக் காணோம். அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒன்றுமே மிச்சமில்லை. "திரும்பக் கூப்பிட்டு நிக்க வைக்கணும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தரையின் மட்டம் சரியாக இருந்தது.

கடைசித் தாளை அவள் எடுக்கவில்லை. ஒட்டிப்போயிருந்தது. நான் குனிந்து உரித்தேன். பாதிதான் வந்தது. சட்டையின் முதுகுப் பகுதி. அவள் கையெழுத்தில் 'அவர்' என்று எழுதியிருந்தது. வேறு பெயர் இல்லை.

வலது தோள் பக்கம் கோட்டுக்குக் கீழே கோடு, ஒவ்வொன்றிலும் ஒரு வருடம். வலது தோள் கால் இஞ்ச் இறக்கம். அடுத்தது, அரை இஞ்ச். அதற்கடுத்தது, முக்கால். உள்ளே பஞ்சு வச்சுத் தைக்கணும். முதுகில் ஒரு குறிப்பு: வளைவு கூடுது, அரை இஞ்ச் சேர்த்து வெட்டணும். அதற்குக் கீழே இருந்த வருடங்களைக் கறையான் தின்றிருந்தது.

எனக்குப் பின்னால் நின்று அண்ணனும் படித்திருக்கிறார். பையிலிருந்து ரசமட்டத்தை உருவிக்கொண்டு என் தோளை நோக்கி வந்தார். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அதைத் திரும்பப் பைக்குள் செருகிக்கொண்டு, மருந்துக்காரருக்குத் துளை போட வெளிச்சம் பிடிக்கப் போனார். மச்சினனும் கூடவே நழுவினான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? தையல் சரியில்லம்பீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையில் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.

அன்றைக்குச் சுவரோரம் முழுக்கத் துளை போட்டு மருந்து இறக்கினார்கள். வீடெல்லாம் நெடி. டீச்சர் தாளை அவள் புதுத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி, மேல்தட்டில் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். டீச்சருக்குப் போன் போகவில்லை. மற்றவர்களுக்குப் போனது. டிரைவர் அடுத்த நாளே வந்து, சிரித்துக்கொண்டே கையை நீட்ட முயற்சி செய்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அவர் போன பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். உரித்த சுவருக்கு முன்னால் நின்றேன். அங்கே இன்னும் நான் எதுவும் அடிக்கவில்லை.

"நேரா நில்லுங்க."

"நேராத்தானே நிக்கிறேன்."

"தெரியும்" என்றாள். டேப்பின் நுனியைக் கழுத்தடியில் வைத்து இடது தோளுக்கு இழுத்தாள். பிறகு வலது தோளுக்கு. இந்தப் பக்கம் அவள் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பென்சிலை எடுத்துப் புதுத் தாளில் எழுதினாள்.

எவ்வளவு என்று கேட்டேன்.

"கையைத் தூக்குங்க" என்றாள்.