பாப் மங்கைக்கு முப்பதடி பேனர்

மூன்று நாளாக அடித்த மழை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்ந்தது. நெய்வாய்க்கால் கிராமத்தில் வெயிலைப் பார்த்ததும் முதலில் ஓடியவர் மங்களாம்பிகை. பொதுக்களத்துச் சிமெண்டுத் தரையில் நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டு மலர்கொடியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அறுத்து வைத்திருந்த குறுவை நெல் முழுவதையும் அதில் பரப்பினார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கொள்முதல் நிலையத்தில் முந்தின நாளே ஈரப்பதம் பார்த்து, பதினேழைத் தாண்டுகிறது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் காய்ந்த நெல்லோடு வந்தால் உண்டு. அன்று மாலையோடு நிலையத்தை மூடிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். அதன் பிறகு வியாபாரி வாய்க்கு வந்த விலைக்குத் தள்ள வேண்டும், அல்லது நெல் முளைப்பதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். மங்களாம்பிகையின் ஒரு போக உழைப்பு இந்த ஒரு பகல் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பகலைத்தான் ஜெகன் தன் மிக்ஸ்டேப் வெளியீட்டு விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தான்.

ஜெகன் தஞ்சாவூர் உரக்கடைக்காரர் ஒருவரின் மகன். ஹிப்ஹாப் உலகில் அவன் பெயர் 'எம்.சி. சேத்துப்புலி'. சேற்றைப் பற்றி நிறையப் பாடியிருக்கிறான்; சேறும் அவனும் நேரில் சந்தித்ததில்லை. இப்போது அவன் வெளியிட இருந்தது 'மங்கைக்கு மரியாதை' என்ற மிக்ஸ்டேப்; பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டித் தன் குரலையும் சேர்த்த தொகுப்பு. மங்கை என்பவர் கேசட் காலத்தில் டீக்கடைகளையெல்லாம் ஆட்டிவைத்த பாப் பாடகி. சைக்கிள் டைனமோவைப் பற்றி அவர் பாடிய பாட்டு, கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று பேதமில்லாமல் அலறியது. அந்தப் பாப் மங்கைதான் இப்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த மங்களாம்பிகை.

இதில் சோகம் எதுவும் இல்லை. நடவுக்குப் போன குடும்பத்துப் பெண், பாடிச் சம்பாதித்து, அப்பா கூலிவேலை பார்த்த வயலையே விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் ஊரில் பல பேருக்கு அது வயிற்றெரிச்சல். கேசட் போனது, அவர் வயலுக்கு வந்தார், அவ்வளவுதான். 'மறக்கப்பட்ட மகாராணி' என்று பேட்டி எடுக்க வருகிறவர்களுக்குத்தான் இது போதவில்லை. ஓர் இருமலாவது, ஒழுகும் கூரையாவது இருக்கும் என்று நம்பி வந்து, கான்கிரீட் வீட்டைப் பார்த்து முகம் வாடிப் போனார்கள்.

ஜெகனும் ஏற்கெனவே ஒருமுறை பழத்தட்டோடு வந்திருந்தான். பழத்தை வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார் மங்களாம்பிகை. மேடைக்கு வரமாட்டேன் என்கிறவரை, மேடையை அவர் வாசலுக்குக் கொண்டுபோய் மடக்குவது என்று அவன் அன்றே தீர்மானித்தான். களம் அவர் வீட்டுக்கு நேர் எதிரில் இருந்தது. ஊராட்சித் தலைவர் ஈஸ்வரி. ஆகவே களத்துக்கு அனுமதி கொடுத்தவர் அவருடைய கணவர் துரைராசு.

ஸ்பீக்கர்களை ஏற்றிய குட்டியானை வண்டி களத்தோரம் வந்து நின்றது. வெள்ளை ஷூ போட்ட ஜெகன் இறங்கி வந்து கும்பிட்டான்.

"அம்மா, இன்னைக்கு சாயங்காலம் உங்களுக்கு விழா."

"தெரியும். தொரராசு சொன்னான்."

"நெல்லைக் கொஞ்சம் அள்ளிட்டீங்கன்னா மேடை போட்டுடுவோம்."

"விழா யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா."

"எனக்குன்னா எடத்தக் காலி பண்ணு. எனக்கு இன்னைக்கு வேண்டியது எடந்தான்."

"தம்பி, அப்படியே ஷூவயும் கழட்டுங்க" என்றார் மலர்கொடி. "நெல்லு மேல நின்னுக்கிட்டுத்தான் கும்புடுறீங்க."

துரைராசு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மனைவியின் பதவி கிடைத்த நாள் முதல் அவர் வெள்ளை வேட்டி தவிர வேறு கட்டுவதில்லை.

"அக்கா, ஊருக்கே பெருமைக்கா. யூடியூப்ல நேரா வருது."

"நெல்லு மொளைச்சாலும் நேராத்தான் வரும். அதை எடுத்துப் போடு."

"களம் பொதுவுதானக்கா."

"பொதுவுதான். அதான் காலையிலேயே வந்து விரிச்சேன். ஒங்கிட்டயும் நெல்லு இருந்தா அந்தாண்ட விரி. நீதான் வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு விழாவுக்கு அலையிறியே."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நெல் இருக்கிற இடத்தில் இருக்கும். மேடை களத்தின் ஓரத்தில். ஜனங்கள் தெருவில் நிற்க வேண்டியது. வடக்கு ஓரம், தெற்கு ஓரம் எல்லாம் காலியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் ஜெகனுக்கு அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மேடை கிழக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், ஜோசியர் சொல்லிவிட்டார். தலையெழுத்தைக் காலால் மிதிப்பேன் என்று பாடிப் புகழ்பெற்ற சேத்துப்புலி, 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிவிட்டு, மேற்கு ஓரத்தில் சவுக்குக் கம்பு நடச் சொன்னான்.

மத்தியானம் சவுண்டு பார்த்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் இழுத்து இழுத்துப் பாடியது.

"யாரு மலரு இவன், தொண்டை கட்டுனவன்?"

"நீங்கதாங்க்கா. டைனமோ பாட்டு."

மங்களாம்பிகை காலை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருடைய குரல்தான். வேகத்தைப் பாதியாக்கியதில் மீசை முளைத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஜெகன் 'யா, யா' என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எம்பாட்டு நடுவுல நீ எதுக்குப்பா இருமுற?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார்.

"அது ஸ்டைலும்மா. உங்க பாட்டை இன்னைக்குத் தலைமுறைக்குக் கொண்டு போறேன்."

"என்னைக் கேட்டுட்டுக் கொண்டு போனியா?"

"இது மரியாதைம்மா. உங்களுக்குச் செய்யிற மரியாதை."

"மரியாதைன்னா கேக்கவேண்டாமா? பழம் குடுத்தப்பவே சொல்லியிருந்தா, பழத்தையும் திருப்பிக் குடுத்திருப்பேன்."

அடுத்து வந்து இறங்கியவர் முனைவர் இராஜாங்கம். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். அரிசி ஆலைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், கபடிப் போட்டி எதுவானாலும் வாழ்த்துரை அவருடையது. உரை ஒன்றுதான்; பெயரை மட்டும் மாற்றுவார். ஹிப்ஹாப் சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்று நிறுவும் பொறுப்பு இந்த முறை அவருக்கு.

"அம்மையீர்," என்று அவர் களத்தோரம் நின்று கைகூப்பினார், "தாங்கள் வெறும் பாடகி அல்லர். தாங்கள் ஒரு நதி."

"நதிதான் மூணு நாளா ஓடிச்சு சார். கொஞ்சம் நவுந்து நில்லுங்க, வெயில மறைக்கிறீங்க."

அவர் நகர்ந்துபோய் மேடையேறி, காலித் தெருவைப் பார்த்து ஒத்திகையைத் தொடங்கினார்.

அப்போதுதான் பேனர் ஏறியது. முப்பதடி உயரம். இடப்பக்கம் இளவயது மங்கை, கறுப்புக் கண்ணாடி, காதில் தோளைத் தொடும் வளையம். வலப்பக்கம் ஜெகன். மரியாதை வாங்குகிறவரின் தலையைவிட மரியாதை செய்கிறவனின் தலை ஒரு முழம் பெரிதாக இருந்தது. கீழே துரைராசு கும்பிட்டபடி நின்றார். மூலையில் பாஸ்போர்ட் அளவில் இராஜாங்கம். ஜெகனின் அப்பா நடத்தும் உரக்கடையின் முகவரி மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

கிழக்குப் பார்த்த மேடைக்குப் பின்னால் மேற்கே நின்ற பேனர், மூன்று மணி வாக்கில் தன் வேலையைக் காட்டியது. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியது. நிழல் மேடையைத் தாண்டி, களத்தில் இறங்கி, நெல்லின் மேல் ஏற ஆரம்பித்தது. மங்களாம்பிகை நெல்லைக் கிழக்கே தள்ளினார். நிழலும் பின்னாலேயே வந்தது. கொஞ்ச நேரத்தில் நெல்லில் பாதிக்குமேல் பாப் மங்கையின் நிழலில் குளிர்ந்துகொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்தார். இன்னும் பதம் வரவில்லை.

"பேனரை எறக்கு" என்றார் ஜெகனிடம். "வெயில் தாழ்ந்ததும் ஏத்திக்க."

"ட்ரோன் ஷாட் எடுக்கணும்மா. ஏத்துனதை எறக்குனா கிழிஞ்சிடும்."

"தொரராசு, நீ சொல்லு."

துரைராசு பேனரில் இருந்த தன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "எம்படமும் இருக்குல்லக்கா. நல்ல நாளும் அதுவுமா எறக்குனா அபசகுனம்."

மங்களாம்பிகை மேடைக்குப் பின்னால் போனார். சவுக்குக் கம்பின் அடியில் கயிறு சுருக்கு முடிச்சில் நின்றது. ஒரே இழுப்பு.

முப்பதடி மங்கை முன்பக்கமாகச் சாய்ந்து மேடை மேல் விழுந்தார். உள்ளே முனைவர் இராஜாங்கம் அகப்பட்டுக்கொண்டார். மைக் அவர் கையிலேயே இருந்ததால், "நதி எனப்படுவது... யாரப்பா அது, கரண்ட் போயிடுச்சா?" என்று ஊர் முழுக்கக் கேட்டது.

களத்தில் மறுபடியும் வெயில் விழுந்தது. ஜெகன் ஓடிவந்தான். அவன் குரலில் 'அம்மா' காணாமல் போயிருந்தது.

"உங்கள இன்னைக்கு யாருக்குங்க ஞாபகம் இருக்கு? நான் தூக்கிக் காட்டுனாத்தான் உண்டு. அது தெரியாம ஆடுறீங்க."

"ஞாபகம் வச்சிருக்கிறவன் நீ ஒருத்தந்தானா? அதுவே தாங்க முடியல. இன்னும் நாலு பேரு வேற வேணுமா?"

"மேடைக்கு நீங்க வரவே வேண்டாம்."

"அதைத்தான் பழம் குடுத்த அன்னைக்கே சொன்னேன்."

அவர் திரும்பிப்போய் நெல்லைக் கிளற ஆரம்பித்தார். மலர்கொடி எதிர்ப்பக்கத்திலிருந்து கிளறிக்கொண்டு வந்தார். வெயில் இருந்த வரைக்கும் இருவரும் நிற்கவில்லை.

ஐந்து மணிக்குக் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மறுபடி கடித்துப் பார்த்தபோது நெல் நறுக்கென்று உடைந்தது. இருவரும் பலகையால் தள்ளிக் குவித்தார்கள். மூடுவதற்கு மங்களாம்பிகையிடம் இருந்த தார்ப்பாயை விரித்தால், எலி கடித்ததில் அது ஜன்னலாகியிருந்தது. அவர் மேடையைப் பார்த்தார். பேனரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

மறுமுனையை ஜெகன் பிடித்தான். "ஸ்பீக்கர் நனையுதுங்க. வாடகை ஸ்பீக்கர்."

"வண்டியில ஏத்து. நெல்லை ஏத்த எனக்கு இப்ப வண்டி இல்ல."

அதற்குள் விழாவுக்கு வந்த கூட்டம் தெருவில் சேர்ந்துவிட்டது. பாப் மங்கையின் முகத்தைப் பாப் மங்கையே இழுக்கிற காட்சி எந்த விழாவிலும் கிடைக்காது என்று எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முதல் தூறல் விழுந்தது.

"தலைவரே," என்றார் மலர்கொடி துரைராசுவிடம், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி. "நெல்லா, ஸ்பீக்கரா? ஊரு படம் புடிக்குது. பாத்துச் சொல்லுங்க."

துரைராசு போன்களைப் பார்த்தார். அடுத்த தேர்தலையும் பார்த்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பேனரின் நடுவில் பிடித்தார். இழுத்தது நெல்லின் பக்கம். தலைவர் கை வைத்த பிறகு கூட்டத்திலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். ஜெகன் கையில் மிஞ்சியது ஒரு கயிற்றுத் துண்டு.

குவியலை மூடி, பறக்காமல் சுற்றிலும் செங்கல் வைத்தார்கள். மங்கையின் முகம் உச்சியில் வந்தது. ஜெகனின் முகம் சாக்கடைப் பக்கம் சரிந்து தொங்கியது. மலர்கொடி ஒரு செங்கல்லை எடுத்து, இடம் பார்த்து, அவன் மூக்கின் மேல் வைத்தார்.

மழை கொட்டியது. குட்டியானைக்குள் நெருக்கி உட்கார்ந்து, போனில் ஒரு பொத்தானை அழுத்தி மிக்ஸ்டேப்பை வெளியிட்டார்கள். இராஜாங்கம் தன் உரையை அங்கேயே முழுமையாக நிகழ்த்தினார். இறங்கி ஓட யாருக்கும் வழியில்லை.

திங்கட்கிழமை காலை கொள்முதல் நிலையத்தில் மங்களாம்பிகையின் நெல்லை ஒரு பிடி எடுத்துக் கருவியில் போட்டார்கள். பதினாறும் சொச்சமும். மூட்டை தராசில் ஏறியது. அவர் கடைசி மூட்டை இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஜெகன் நின்றிருந்தான். களத்தில் மலர்கொடி பேனரைக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"பேனரை எடுத்துட்டுப் போலாம்னு..."

"தரமுடியாது. அடுத்து தாளடி அறுப்புக்கு வேணும்."

"எம்முகமும் இருக்குதுங்க அதுல."

"இருந்துட்டுப் போவட்டும். எலி கிட்ட வராது."

அவன் போனை எடுத்து நீட்டினான். "மிக்ஸ்டேப்பப் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. போயிடுறேன்." அவன் குரலில் 'அம்மா' திரும்பி வந்துவிட்டிருந்தது.

"பாட்டை முழுசாக் கேக்கல. கேட்ட வரைக்கும் சகிக்கல. பேனர் நல்லா இருக்கு. ஒரு சொட்டு எறங்கல."

சாயங்காலம் மலர்கொடி தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்ட மங்கையின் படம், அதன் மேல் பெரிய எழுத்தில் 'நல்லா இருக்கு', கீழே 'பாப் மங்கை, நேரில் சொன்னது'. ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டிருந்தார்கள்.

மங்களாம்பிகை போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதையும் பேனரா அடிப்பானான்னு கேளு" என்றார். "வைக்கப்போருக்கு ஒண்ணு தேவைப்படுது."